நியூ ரோஷெல் கல்லூரி: கோட்டையும் கணக்கும்

நியூயார்க் மாநகரின் வடக்கு எல்லையைத் தாண்டினால் நியூ ரோஷெல் என்ற ஊர் வரும். 1850களில் சிமியன் லேலண்ட் என்ற ஓட்டல் முதலாளி அங்கே தனக்கென்று கோட்டை மாதிரி ஒரு மாளிகை கட்டினார். கல் சுவர், கோபுரம் எல்லாம் உண்டு. பல கை மாறிய அந்த மாளிகையை 1897இல் உர்சுலைன் சபைக் கன்னியர் வாங்கினார்கள். மதர் ஐரீன் கில் என்ற கன்னியர் முன்நின்று 1904இல் அங்கே பெண்களுக்கான கல்லூரியைத் தொடங்கினார். நியூயார்க் மாநிலத்தில் கத்தோலிக்கர் நடத்திய முதல் பெண்கள் கல்லூரி அதுதான். முதலில் புனித ஆஞ்சலா கல்லூரி என்று பெயர். 1910இல் ஊர்ப் பெயரே கல்லூரிக்கும் வந்தது.

இலக்கியம், தத்துவம், வரலாறு, அறிவியல் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் ஆழமாகப் படிக்க வைக்கும் சிறிய கலைக் கல்லூரி அது. அப்படியே இருந்திருந்தால் இந்தப் பக்கத்தில் எழுத அவ்வளவாக விஷயம் இருந்திருக்காது.

1972இல் கன்னியர்கள் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். படிப்பை இடையில் விட்ட பெரியவர்களுக்காகத் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார்கள். கோட்டைக்கு வரச் சொல்லாமல், அவர்கள் இருக்கும் இடத்துக்கே வகுப்பைக் கொண்டுபோனார்கள். நகர ஊழியர்களின் தொழிற்சங்கமான டிசி 37 கட்டடத்தில் ஒரு வளாகம், ஹார்லெமில் ஒன்று, புரூக்ளினில் ஒன்று. நமக்குச் சுவையான தகவல், பிராங்க்ஸில் உள்ள கோ-ஆப் சிட்டியிலும் ஒன்று இருந்தது. 35 அடுக்குமாடிக் கட்டடங்கள், 15,372 வீடுகள், குடியிருப்போரே உரிமையாளர்களாக உள்ள கூட்டுறவுக் குடியிருப்பு அது. வேலையும் பிள்ளைகளும் உள்ள பெண்கள், அதிலும் கறுப்பினப் பெண்கள் ஏராளமானோர், இப்படிப் பட்டம் வாங்கினார்கள். வாழ்க்கை அனுபவத்தில் கற்றதையும் மதிப்பிட்டுப் பட்டப் படிப்பில் சேர்த்துக்கொண்டார்கள். இந்தக் கல்லூரி செய்த மிகப் பெரிய காரியம் இதுதான் என்பது என் எண்ணம்.

2016இல் அடி விழுந்தது. கணக்குப் பிரிவின் தலைமை அலுவலர் விலகிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஊழியர் சம்பளம் சார்ந்த வரியில் ஏறக்குறைய 2 கோடி டாலர் அரசுக்குக் கட்டப்படவே இல்லை. நம் ஊரில் டிடிஎஸ் பிடித்துவிட்டு அரசுக்குச் செலுத்தாமல் வைத்திருப்பது போன்ற வேலை. 2015ஆம் நிதியாண்டு அறிக்கையில் கல்லூரியின் சொத்து மதிப்பு 3.38 கோடி டாலர் கூடுதலாகக் காட்டப்பட்டிருந்தது. அவர் பணத்தைத் திருடினார் என்பது வழக்கு இல்லை. பத்திர மோசடி, வரி செலுத்தாதது என்ற இரண்டு குற்றச்சாட்டுகளையும் 2019இல் ஒப்புக்கொண்டார். சிறைத் தண்டனை கிடைத்தது. பற்றாக்குறையை மறைத்து, கல்லூரி நன்றாக ஓடுவதாகக் காட்டியதுதான் அவர் செய்தது.

பழி முழுவதையும் அவர் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை. சிறிய கல்லூரிகளுக்கு அமெரிக்காவில் மாணவர் சேர்க்கை ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருந்த காலம். கலைப் பிரிவில் ஆண்களையும் சேர்க்கத் தொடங்கியது அதே 2016இல்தான். ஆனால் அறங்காவலர் குழு இருந்தது, தணிக்கை இருந்தது, ஆண்டறிக்கை இருந்தது. வரி கட்டிய ரசீது எங்கே என்று கேட்க ஆள் இல்லை. (நம் ஆண்டுப் பொதுக்குழுவில் வரவு-செலவு அறிக்கை வாசிக்கும்போதுதான் பாதிப் பேர் காபி இருக்கும் பக்கம் நகர்கிறோம்.)

ஆசிரியர்களைக் குறைத்தார்கள், நன்கொடை திரட்டினார்கள். கடனை ஈடுகட்ட முடியவில்லை. 2019 கோடையில் கல்லூரி மூடப்பட்டது. அப்போது படித்துக்கொண்டிருந்தவர்கள் தொடர்ந்து படிக்க மெர்சி கல்லூரி இடம் கொடுத்தது. செப்டம்பரில் திவால் மனு. வளாகத்தைச் சுமார் 3.2 கோடி டாலருக்கு வாங்கியது ஃப்ரீமேசன் அமைப்பின் அறக்கட்டளை. கத்தோலிக்கர்கள் அதில் உறுப்பினராகக் கூடாது என்று திருச்சபை இன்றும் தடை வைத்திருக்கும் அதே ஃப்ரீமேசன்கள்தான். கோ-ஆப் சிட்டியில் படித்துப் பட்டம் வாங்கிய ஒரு பெண்மணிக்கு இன்று மதிப்பெண் பட்டியலின் நகல் தேவைப்பட்டால், மெர்சிக்குத்தான் எழுதிக் கேட்க வேண்டும்.