கருக்கலைப்பு: கிறித்தவ நோக்கும் இந்தியச் சட்டமும்

கருவுற்ற கணம் முதலே மனித உயிரைக் காக்க வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை. வன்புணர்வால் உண்டான கருவுக்கும் அது விலக்கு அளிப்பதில்லை. தன் உடல்மீது முடிவெடுப்பவள் பெண்ணே என்கிறது மறுதரப்பு. தாயின் உயிருக்கு ஆபத்தென்றால் கலைக்கலாம் என்னும் சீர்திருத்தச் சபையினரும் உண்டு.

எருக்கங்குச்சி செருகிக் கருவைக் கலைக்கப் போய், சீழ்பிடித்து இறந்த தாய்மார்களை மறந்து இவ்விவாதத்தைப் பேசுவது நியாயமன்று. இத்தகைய சாவுகளைக் குறைக்க, அரசு அமைத்த சாந்திலால் ஷா குழுவின் பரிந்துரையையொட்டி 1971இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறியது. 2021 திருத்தம், குறிப்பிட்ட பிரிவினருக்கு வரம்பை 24 வாரமாக்கியது. மணமாகாதவருக்கும் அது பொருந்தும் என 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கருக்கலைப்புக்குப் பொதுவாக 18 வயது நிரம்பிய பெண்ணின் ஒப்புதலே போதும். கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை.