வெறிநாய்க்கடியும் குதிரையின் இரத்தமும்

ராஜபாளையம், சேத்தூர் வட்டாரம் நாய்களுக்குப் பெயர் பெற்றது. வீட்டையும் தோப்பையும் காக்கும் அந்த நாய்க்கே வெறி பிடித்துவிட்டால் என்ன ஆகும்? ஒரு காலத்தில் கடிபட்டவருக்கு மரணத்தைத் தவிர வேறு வழியில்லை. இன்று தடுப்பூசி இருப்பது எல்லோருக்கும் தெரியும். அந்த மருத்துவத்தில் குதிரைக்கும் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

வெறிநோய் என்னும் ரேபிஸ், மூளையைத் தாக்கும் வைரஸ் நோய். கடிவாயில் நுழையும் வைரஸ் நரம்பு வழியாக மெல்ல மூளைக்கு ஏறுகிறது. நரம்புக்குள் ஒளிந்து செல்வதால் உடலின் எதிர்ப்புச் சக்தி அதைக் காலம் தாழ்த்தியே அறிகிறது. மனிதனுக்கும் இதே கதி, குதிரைக்கும் இதே கதி. நோய்க்குறிகள் தோன்றிய பின் பிழைப்பது மிக மிக அரிது.

1885-ல் பாரிசில் லூயி பாஸ்டர், ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்குத் தடுப்பு மருந்து கொடுத்துக் காப்பாற்றினார். இந்தியாவில் 1900-ல் கசௌலியிலும், 1907-ல் நம் குன்னூரிலும் பாஸ்டர் நிலையங்கள் தொடங்கின. அந்நாளில் தென்கோடி ஊர்களில் கடிபட்டவர்கள் மேட்டுப்பாளையம் சென்று, மலை ரயில் ஏறிக் குன்னூர் போய்ச் சேர வேண்டும்.

1911-ல் கசௌலியில் டேவிட் செம்பிள் ஆட்டு மூளையிலிருந்து ஒரு தடுப்பூசியை உருவாக்கினார். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று நம் பாட்டிமார் பயந்து சொன்னது இதைத்தான். இதில் ஒரு பெரிய ஆபத்தும் இருந்தது. ஆட்டு மூளைப் பொருளை எதிர்க்கக் கிளம்பிய உடல், சிலருக்குத் தன் நரம்பையே தாக்கி வாதத்தை உண்டாக்கியது. 2004 இறுதியில்தான் இந்தியா இதன் தயாரிப்பை நிறுத்தியது.

இன்னொரு சிக்கல் காலம். எந்தத் தடுப்பூசி போட்டாலும் எதிர்ப்பொருள் உருவாக ஏழு நாளாவது ஆகும். முகத்திலோ தலையிலோ கடிபட்டால் அதற்குள் காரியம் கெட்டுவிடலாம். 1954-ல் ஈரானில் ஓர் ஓநாய் 29 பேரைக் கடித்தது. தலையில் காயம் பட்டவர்களில் தடுப்பூசி மட்டும் பெற்ற 5 பேரில் 3 பேர் இறந்தனர். எதிர்ப்பொருள் நிறைந்த சீரமும் சேர்த்துப் பெற்ற 13 பேரில் ஒருவரே இறந்தார்.

இந்தச் சீரத்தைப் பெருமளவில் தந்தது குதிரை. செயலிழந்த வைரசைக் குதிரைக்குப் பலமுறை ஊசியாகப் போடுகிறார்கள். நோய் வருவதில்லை, ஆனால் அதன் உடல் எதிர்ப்பொருளைத் தாராளமாக உண்டாக்குகிறது. பிறகு இரத்தம் எடுத்து, எதிர்ப்பொருளைப் பிரித்துச் சுத்தம் செய்கிறார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 40 யூனிட் என்பது அளவு. முடிந்த வரை கடிவாயிலேயே போட வேண்டும்.

கடித்த உடனே சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவுவது முதல் வேலை. இரத்தம் வரும்படி கடித்திருந்தால் தடுப்பூசியோடு சீரமும் அவசியம். ஊசி தரும் பலம் வந்து சேரும் வரை, அந்தச் சில நாட்கள் உயிரைக் காப்பது ஒரு குதிரை கொடுத்த எதிர்ப்பொருளாக இருக்கலாம்.