யானைத்தீயும் ராத்திரிச் சோறும்

உத்திரமேரூரிலிருந்து பஸ் ஏறினால் போய்ச்சேரும் காஞ்சிபுரத்தில்தான் மணிமேகலை அமுதசுரபி ஏந்திப் பஞ்சம் தீர்த்தாள் என்கிறார் சீத்தலைச் சாத்தனார். அதற்கு முன்பே, புகார் நகரில், அந்தப் பாத்திரம் ஒரு நோயைத் தீர்த்திருக்கிறது. காயசண்டிகை என்ற விஞ்சையர் (வித்யாதரர்) குலப் பெண், விருச்சிக முனிவர் 12 ஆண்டுக்கு ஒருமுறை உண்ணும் நாவற்கனியைக் காலால் சிதைத்துவிட்டாள். 12 ஆண்டு பசியில் வாடு என்று சாபம். நோயின் பெயர் யானைத்தீ. எவ்வளவு போட்டாலும் வயிறு அடங்காது.

அடக்கமில்லாமல் சாப்பிடுகிறவரைப் பார்த்தால் நமக்கும் இந்தப் பசிதான் நினைவுக்கு வரும். மருத்துவர்கள் 'பிஞ்ச் ஈட்டிங்' என்று சொல்லும் மிகையுண்ணல் கோளாறு அது அல்ல. எல்லோரும் படுத்தபின் குண்டான் மூடியைச் சத்தமில்லாமல் நகர்த்தி, மிஞ்சிய சோற்றையும் ஆறிய குழம்பையும் நின்றபடியே அள்ளிப் போடுகிறாள் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். அது தீர்ந்ததும் பிள்ளைக்கு வாங்கிய பிஸ்கட். வயிறு வலிக்கிறது, கை நிற்கவில்லை. காலிக் கவர் அரிசி மூட்டைக்குப் பின்னால் போகிறது. காலையில் எல்லோர் முன்னாலும் ரெண்டு இட்லியோடு எழுந்துவிடுவாள். ஆண்களுக்கும் இது உண்டு.

காயசண்டிகை பசிக்கிறது என்று ஊரறியத் திரிந்தாள். இவளுக்குப் பசியே இல்லை, அதனால்தான் ஒளிகிறாள். காயசண்டிகைக்கு மணிமேகலை இட்ட சோறு மருந்தானது. இவளுக்குச் சோற்றால் தீராது, சோற்றைப் பூட்டி வைத்தாலும் தீராது. பட்டினி கிடந்து ஈடுகட்டப் பார்த்தால் அடுத்த ராத்திரி இன்னும் மோசமாகும்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் 1959-இலேயே இதை விவரித்தார். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு தனி நோயாக ஏற்றது 2013-இல்தான். அதன் அளவுகோல் இது: சுமார் இரண்டு மணி நேரத்துக்குள், அதே சூழலில் பிறர் உண்பதைவிடத் தெளிவாக அதிகம் உண்பது, நிறுத்த முடியவில்லை என்ற உணர்வு, வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதம். கூடவே அவசரமாக விழுங்குவது, வயிறு நோகும்வரை உண்பது, பசியில்லாமல் உண்பது, வெட்கப்பட்டுத் தனியாக உண்பது, பிறகு தன்னையே வெறுப்பது - இவற்றில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். மன வேதனையும் இருக்க வேண்டும். வாந்தி எடுத்தோ பேதி மாத்திரை போட்டோ ஈடுகட்டுவது வழக்கமானால் அது புலிமியா என்ற வேறு நோய்.

உடல் எடை இதில் கணக்கே இல்லை, ஒல்லியானவருக்கும் வரலாம். கல்யாணப் பந்தியில் மூன்று முறை பாயசம் கேட்டவர் நோயாளியும் அல்ல! சர்க்கரை, தைராய்டு கோளாறும் பசியைக் கூட்டும் என்பதால் ரத்தம் பார்ப்பார்கள். மற்றபடி இந்த நோயைக் காட்டித்தர ரத்தப் பரிசோதனை கிடையாது, கேட்டால்தான் தெரியும். கேட்பதற்கு முன்பே 'தின்னிப்பண்டாரம்' என்று சிரித்துவிட்டால் அவர் எப்படி வாய் திறப்பார்?

சிந்தனைப் பழக்கத்தையும் உண்ணும் ஒழுங்கையும் சரிசெய்யும் பேச்சு சிகிச்சைக்கு நல்ல பலன் இருக்கிறது. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. வீட்டிலிருந்தே பேச 'டெலி மானஸ்' 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.