அளவுகோலுக்கு முன்னால்: தென்சென்னைப் புறநகரிலிருந்து இராணுவப் பயிற்சி முகாமுக்கு

பரங்கிமலையில் ஏறித் தாம்பரத்தில் இறங்கும் மின்தொடர் வண்டிப் பயணம் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதன் ஒரு முனையில், 1963 முதல் இயங்கிவரும் இராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகம். மறுமுனையில் விமானப்படைத் தளமும், அப்படைக்கு ஆளெடுக்கும் தேர்வு மையங்களுள் ஒன்றும். இந்தத் தண்டவாளத்துக்குக் கிழக்கே கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மறுகுடியமர்வுப் பகுதிகள் இருக்கின்றன. ஆற்றங்கரைகளிலிருந்தும் நகரின் நடுப்பகுதியிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்கள் அங்கே கொண்டுவந்து சேர்க்கப்பட்டன. அவற்றுள் பட்டியல் வகுப்புக் குடும்பங்களே மிகுதி. அங்கிருந்து விடியலுக்கு முன் ஓடக் கிளம்பும் இளைஞர்களை மனத்தில் வைத்தே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

இராணுவப் பயிற்சி முகாமுக்கு உடலையும் உள்ளத்தையும் ஆயத்தப்படுத்துவது எப்படி என்று கூறும் காணொளிகளுக்குக் குறைவில்லை. அவை ஏறக்குறைய அனைத்தும், நல்ல உணவும் எட்டு மணிநேர உறக்கமும் வீட்டருகே ஒரு மைதானமும் உள்ள ஒருவனையே கற்பனை செய்துகொள்கின்றன. நிறுத்துக் கடிகாரம் யாருடைய சாதியையும் கேட்பதில்லை என்பது உண்மை. ஆனால் அக்கடிகாரத்தின் முன் வந்து நிற்பதற்குள் கழியும் ஓராண்டு, சாதியின் கணக்கிலேயே பங்கிடப்பட்டிருக்கிறது. எனவே ஆயத்தத்தை ஓட்டத்திலிருந்து தொடங்காமல், எந்த வாயிலை நோக்கி ஓடுகிறோம் என்பதிலிருந்து தொடங்குவோம்.

எந்த வாயில்?

முப்படைகளின் ஆள்சேர்ப்பில் பட்டியல் வகுப்பினருக்கு இடஒதுக்கீடு கிடையாது. வயதுத் தளர்வும் உயரத் தளர்வும் இல்லை. 2022 சூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்திலும் இதுவே நிலை. அவ்வாண்டு சூலையில், விண்ணப்பத்தில் சாதிச் சான்று கேட்பது ஏன் என்ற கேள்வி எழுந்தபோது, அது பழைய நடைமுறையே என்று அரசு விடையளித்தது. உரிமை தருவதற்குக் கேட்கப்படாத சாதி வேறு எதற்குக் கேட்கப்படுகிறது என்ற ஐயம் நமக்கு இன்னும் தீரவில்லை.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. பழைய சென்னை இராணுவத்தில், குறிப்பாகச் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படையில், பறையர் வகுப்பினர் கணிசமாகப் பணியாற்றினர். 1881 முதல் 1885 வரை சென்னை இராணுவத்தின் தலைமைத் தளபதியாயிருந்த இராபர்ட்ஸ், தென்னிந்தியர் போருக்குத் தகுதியற்றவர் என்ற கருத்தைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர். ‘போர்க்குடிகள்’ என்ற அக்கோட்பாடு சென்னைப் படைப்பிரிவுகளைச் சுருக்கியது. மேற்கே மகர் மக்களுக்கும் படையின் கதவை அடைத்தது. சுபேதார் இராம்ஜியின் மகனாக மாவ் படைமுகாமில் பிறந்த அம்பேத்கர் உள்ளிட்டோர் குரல் எழுப்பியும், மகர் படைப்பிரிவு மீண்டது 1941இல்தான். போர் மூண்டு ஆள் தேவைப்பட்டதும் ‘தகுதி’ தானாக வந்துவிட்டது.

ஆகையால் ஒரே ஓட்டப் பயிற்சியை வைத்துக்கொண்டு நான்கு வாயில்களைத் தட்டுவதே அறிவுடைமை என்று கருதுகிறோம். தரைப்படையின் அக்னிவீரர் பொதுப்பணிக்குத் தமிழ்நாட்டு ஆண்களுக்கு வேண்டிய உயரம் 166 செ.மீ. விமானப்படையின் அக்னிவீர் வாயு பிரிவுக்கு 152 செ.மீ. போதும், அங்கே 1.6 கி.மீ. தொலைவை ஆண்கள் 7 நிமிடத்திலும் பெண்கள் 8 நிமிடத்திலும் முடிக்க வேண்டும். உயரக் குறைவால் மனம் தளர்ந்தவர்கள் பலருக்குத் தாம்பரத்திலேயே உள்ள இந்த வாயில் தெரிவதில்லை. ஆனால் அதன் எழுத்துத் தேர்வில் ஆங்கிலத்துக்குத் தனி இடமுண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலத்தில் 50 விழுக்காடு பெற்றிருப்பதும் கட்டாயம்.

மூன்றாவது, மத்திய ஆயுதக் காவல் படைகள். இங்கே பட்டியல் வகுப்பினருக்கு 15 விழுக்காடு இடஒதுக்கீடும் ஐந்தாண்டு வயதுத் தளர்வும் உண்டு. ஆண்களுக்கு 24 நிமிடத்தில் 5 கி.மீ. ஓட்டம். 2024 முதல் காவலர் பணிக்கான இதன் எழுத்துத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். நான்காவது, தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். இரண்டாம் நிலைக் காவலருக்குப் பிற ஆண்களுக்கு 170 செ.மீ. என்றால் பட்டியல் வகுப்பினருக்கு 167 செ.மீ.; பெண்களுக்கு முறையே 159, 157. கிறித்தவத்தைத் தழுவிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருப்பதால் அந்த மூன்று சென்டிமீட்டரை இழக்கின்றனர். ஒரே தெருவில், ஒரே வீட்டின் இரு கிளைகளில் பிறந்த பிள்ளைகளுக்கு இரண்டு அளவுகோல்கள்!

பட்டதாரிகளுக்குப் பரங்கிமலையும் உண்டு. நடுவண் அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வே அதன் முதன்மையான வழி. அதையும், அதன்பின் வரும் ஐந்து நாள் நேர்முகத் தேர்வையும் பற்றித் தனியே எழுத வேண்டும்.

ஓராண்டு உடல் ஆயத்தம்

தரைப்படையில் இப்போது இணையவழிப் பொதுத்தேர்வு முதலில், உடற்தகுதித் தேர்வு பிறகு. இவ்வரிசையை அறியாமல் ஆண்டு முழுதும் ஓடிவிட்டுக் கணக்கில் வீழ்ந்தோர் பலர். உடற்தகுதித் தேர்வில் 1.6 கி.மீ. ஓட்டத்தை 5 நிமிடம் 30 வினாடிக்குள் முடித்தால் முழு 60 மதிப்பெண். கம்பியில் தொங்கி உடலை மேலிழுக்கும் புல்-அப்ஸ் பத்து எடுத்தால் 40 மதிப்பெண். ஒன்பதடிப் பள்ளத்தைத் தாண்டுதலும் வளைந்து செல்லும் குறுகிய கட்டைமேல் நடத்தலும் தேறினால் போதுமானவை. முழு மதிப்பெண்ணுக்குக் கீழான நேரப் பிரிவுகள் மாற்றப்பட்டு வருவதால் அவ்வாண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

1.6 கி.மீ. என்பது 400 மீட்டர் தடத்தில் நான்கு சுற்று. சுற்றுக்கு 82 வினாடி ஆகலாம். நம் இளைஞர்கள் செய்யும் பொதுவான பிழை, முதல் நாளிலிருந்தே இந்த வேகத்தில் ஓட முயல்வது. முதல் மூன்று மாதம், உடன் ஓடுபவரிடம் பேசிக்கொண்டே ஓடத்தக்க மெதுவான ஓட்டமே வேண்டும். வாரத்துக்கு நான்கு நாள், 20 நிமிடத்தில் தொடங்கிச் சிறுகச் சிறுகக் கூட்டி 45 நிமிடம் வரை. அதன்பின் வாரம் இருமுறை 400 மீட்டரை இலக்கு வேகத்தில் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, மீண்டும் ஓட வேண்டும். நான்கு முறையில் தொடங்கி எட்டு வரை உயர்த்தலாம். கடைசி வாரத்தில் ஓட்டத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். புல்-அப்ஸ் ஒன்றுகூட வராதவர், நாற்காலிமேல் ஏறித் தாடையைக் கம்பிக்கு மேல் வைத்து, ஐந்து வினாடியில் மெல்லக் கீழிறங்கிப் பழகினால் சில வாரங்களில் முதல் புல்-அப் வந்துவிடும்.

ஓடும் தரை முக்கியம். மறுகுடியமர்வுப் பகுதிகளின் கான்கிரீட் சாலையில், தேய்ந்த செருப்புக் கடைக் காலணியோடு ஓடுபவரின் கணைக்கால் எலும்பு இரண்டே மாதத்தில் வலிக்கத் தொடங்கும். அழுத்திப் பார்த்தால் ஓரிடத்தில் மட்டும் குத்தும் வலி எலும்பில் மெல்லிய விரிசலாக இருக்கலாம். அதன்மேல் ஓடினால் ஓராண்டு உழைப்பும் வீண். ஏரிக்கரையின் மண்பாதை, பள்ளி மைதானம், ஏதுமில்லையெனில் சாலையோர மண். கண்ணகி நகரின் கார்த்திகா 2025இல் பகுரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற அணியின் துணைத் தலைவியாகத் திரும்பியபோது, அப்பகுதியின் மைதானக் குறை ஊடகங்களுக்குச் சில நாள் தெரிந்தது. மைதானம் கேட்பது சலுகை அன்று. சென்னை மாநகராட்சியின் பகுதி, வார்டுக் கூட்டங்களில் அதை எழுத்து மூலம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். பெரும்பாக்கத்தார் தம் ஊராட்சியில் கேட்கலாம்.

உறக்கம் அடுத்தது. பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் துப்புரவுப் பணி, ஒரகடத்தில் இரவு முறை, உணவு விநியோகம் என்று உழைப்பவரிடம் ‘அதிகாலை நான்கரைக்கு எழு’ என்று சொல்வது அறியாமை. இரவு முறை முடித்து வந்தவர் உறங்கி எழுந்து மாலை ஐந்தரைக்குமேல் ஓடட்டும். சித்திரை, வைகாசி வெயிலில் பகலில் ஓடவே கூடாது. 2024இல் சார்க்கண்டில் கலால் காவலர் தேர்வுக்கான பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்தில் பத்துப்பேருக்கு மேல் உயிரிழந்ததை நாம் மறக்கலாகாது. தேர்வு நாளில் வெறும் வயிற்றோடு நிற்பதும், யாரோ கொடுக்கும் ஊக்க மாத்திரையை விழுங்குவதும் உயிரோடு விளையாடுவதே.

உணவுக்குப் புரதப் பொடி டப்பா தேவையில்லை. முட்டை, வேர்க்கடலை, கேழ்வரகு, முருங்கைக்கீரை, கருவாடு, மாட்டிறைச்சி. கடைசியாகச் சொன்னதைக் கண்டு முகம் சுளிக்கும் பயிற்சியாளர்கள் உண்டு. இரும்புச்சத்தும் புரதமும் அவ்விலையில் அதைப்போல் தருவது வேறில்லை. அவர்களுடைய அருவருப்பை நம் சமையற்கட்டுக்குள் விட வேண்டியதில்லை. முகாமின் உணவுக்கூடத்தில் அது கிடைக்காது என்பதை மட்டும் முன்கூட்டியே அறிந்திருக்கலாம். ஓடும்போது மூச்சு வாங்குதல் நீடித்தால், குறிப்பாகப் பெண்கள், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தச் சோகைக்குச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டத்தில் வென்று மருத்துவத்தில் தோற்பவர் மிகப் பலர். தட்டைப்பாதம், நிற்கும்போது முழங்கால்கள் இடித்துக்கொள்ளுதல், நிறக்குருடு, விரைவீக்கம், சொத்தைப் பற்கள், காதழுக்கு ஆகியன வழக்கமான காரணங்கள். இவற்றுள் பல, ஓராண்டுக்கு முன்பே அரசு மருத்துவமனையில் காட்டினால் தீர்பவை. தகுதியின்மை என்று முதலில் எழுதப்பட்டாலும் படை மருத்துவமனையில் மறு ஆய்வு கோரும் உரிமை உண்டு. அங்கேயே கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

பச்சை குத்துதலைப் பற்றி வருத்தத்தோடு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. தரைப்படை விதிப்படி முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டுமே நிலையான பச்சை அனுமதிக்கப்படும். பழங்குடியினருக்கு மட்டும் மரபு கருதி விலக்கு. நெஞ்சிலோ தோளிலோ அண்ணலின் முகத்தைப் பொறித்துக்கொண்ட நம் பிள்ளைகள் இவ்விதியால் வெளியேற்றப்படுவர். சேர விரும்புவோர் பொறித்துக்கொள்ளுமுன் இதை அறிய வேண்டும்.

காகிதமும் காவல் நிலையமும்

சாதி, இருப்பிடச் சான்றுகளில் முகவரி மாற்றம் முடிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளியேற்றத்தின்போது பழைய முகவரியிலேயே தங்கிவிட்ட ஆவணங்கள் ஆள்சேர்ப்பு நாளில் காலை வாரிவிடும். அதனினும் கடியது நன்னடத்தைச் சரிபார்ப்பு. சில குடியிருப்புகளின் பெயரைக் கேட்டதுமே ஐயத்தோடு நோக்கும் காவல்துறையில், கூட்டத்தோடு கூட்டமாக ஒரு முதல் தகவல் அறிக்கையில் பெயர் சேர்க்கப்படுவது எளிது. அதிலிருந்து பெயர் நீங்குவது அரிது. வழக்கு இருந்தால் மறைக்கக் கூடாது. 2016இல் அவதார் சிங் வழக்கில், மறைத்ததன் விளைவையும் வழக்கின் தன்மையையும் பணியமர்த்துவோர் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. உண்மையை எழுதியவருக்கே அந்நெறி துணைநிற்கும். பொய்வழக்காயின் அதை நீக்கும் முயற்சியை இலவசச் சட்ட உதவி மையம் வழியே உடனே தொடங்க வேண்டும். ‘உள்ளே ஆளிருக்கிறது’ என்று பணம் கேட்கும் தரகருக்கு ஒரு காசும் தரலாகாது.

முகாமுக்குள்

தரைப்படையில் தேர்வானவர் குன்னூரை அடுத்த வெலிங்டனுக்கோ பெங்களூருக்கோ இன்னும் தொலைவுக்கோ அனுப்பப்படுவார். முதல் சில வாரம் உடலைவிட உள்ளமே நொறுங்கும். உறக்கம் குறையும், கைப்பேசி கையில் இராது, மடித்த போர்வையின் விளிம்பு கோணினால்கூட ஒரு மைதானச் சுற்று. அக்கூச்சல் நம்மைத் தனியே குறிவைப்பதன்று, எல்லோருக்கும் பொதுவானது என்று அறிந்தவர் தாங்கிவிடுவார். ஆனால் வசவுக்கும் சாதி வசவுக்கும் வேறுபாடு உண்டு. இரண்டையும் ஒன்றாக விழுங்கப் பழக வேண்டாம். இராணுவச் சட்டம், 1950இன் 26ஆம் பிரிவு, தனக்கு அநீதி இழைக்கப்பட்டதாகக் கருதும் வீரர் தம் மேலதிகாரியிடம் படிப்படியாக முறையிட வழிசெய்கிறது. நாள், இடம், சொன்ன சொல், உடனிருந்தோர் ஆகியவற்றை அன்றே எழுதி வைப்பது நலம்.

அதே சட்டமும் அரசமைப்பின் 33ஆம் உறுப்பும் படைவீரரின் சில உரிமைகளைச் சுருக்குகின்றன. கட்சியிலோ இயக்கத்திலோ உறுப்பினராக இருத்தல் இயலாது. பழைய முகநூல் பதிவுகளை ஒருமுறை பார்த்துக்கொள்வதும் ஆயத்தத்தின் பகுதியே.

இந்தி அறியாதது முதல் மாதத்தில் பெரும் தடை. கட்டளைச் சொற்கள், எண்கள், உடல்நலம் சொல்வதற்கான பத்து வாக்கியங்கள் போதும். காய்ச்சலையும் கால்வலியையும் மறைத்து ஓடுவது வீரமாகாது என்பதை வீட்டிலுள்ளோரும் பிள்ளைக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

பணத்தைப் பற்றியும் தெளிவு வேண்டும். அக்னிவீரருக்கு முதலாண்டு மாதம் 30,000 ரூபாய். கையில் வருவது 21,000. நான்காண்டு முடிவில் வட்டியோடு ஏறக்குறைய 11.71 இலட்சம். ஓய்வூதியம் இல்லை. படையில் நிலைக்க வைக்கப்படுவோர் அதிகபட்சம் 25 விழுக்காட்டினரே. எஞ்சியோர் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் பெரும்பாக்கத்துக்கே திரும்புவர். அக்னிவீரருக்கென இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு ஒன்று உருவாக்கப்பட்டிருக்கிறது. படையில் பெறும் திறன் பயிற்சியே அதில் பாதி மதிப்பலகுகளாகக் கொள்ளப்படும். முகாமில் சேர்ந்த முதலாண்டிலேயே அதைப் பற்றித் தம் பிரிவு அலுவலகத்தில் கேட்டுப் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும்.