பதினொரு பெயர்களுக்குள்ள ஒரு நகரம்

மார்ச் மாதம் வந்தால் யாழ்ப்பாணத்தில "பிக் மச் எப்ப?" எண்டு கேட்காத ஆள் குறைவு. யாழ். மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் எண்டு நாங்கள் சொல்லுற பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான கிரிக்கெட் ஆட்டம் அது. 1904இல் தொடங்கியது. 2024இல் 117ஆவது முறையாக நடந்தது. 'வடக்கின் பெரும் போர்' என்பது அதன் பெயர்.

யார் வென்றது, யார் சதமடித்தது என்பதையெல்லாம் பழைய மாணவர்கள் விரல்நுனியில் வைத்திருப்பார்கள். நாம் பார்க்க விரும்புவது வேறொன்றை: ஒவ்வொரு ஆண்டும் மாறுகிற அந்தப் பதினொரு பெயர்களை.

பாடசாலை அணிக்கு ஆயுள் குறைவு. 19 வயது தாண்டினால் இடமில்லை. பதினைந்து, பதினாறு வயதில் அணிக்குள் வருகிற பெடியனுக்கு மூன்று, நான்கு பிக் மச் கிடைத்தாலே பெரிய விசயம். மூத்தவர் போவார், பின்வரிசையில் நின்றவர் தலைவராவார். அணி மாறுவதற்கு வயது ஒன்றே காரணமாக இருக்கவேண்டும்.

எங்கட ஊரில் அந்த ஒழுங்கு குலைந்தது. 1983 ஜூலைக்குப் பிறகு பெயர்கள் வேறு காரணங்களால் காணாமற்போயின. ஒருவர் இயக்கத்துக்குப் போனார். இன்னொருவரை வீட்டார் காணி ஈடு வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். சிலர் எங்கே போனார்கள் என்று வீட்டாருக்கே தெரியவில்லை.

விளையாட்டு ஒதுங்கி நிற்கவும் முடியவில்லை. சென் ஜோன்ஸ் அதிபர் சி. ஈ. ஆனந்தராஜன் 1985 ஜூன் 26 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். இராணுவத்தினருடன் மாணவர் கிரிக்கெட் ஆட்டமொன்றை ஏற்பாடு செய்ததே காரணம் என்று சொல்லப்படுகிறது. கொன்றது விடுதலைப் புலிகள் என்பதே பரவலான கருத்து. விளையாட்டை 'போர்' என்று செல்லமாக அழைத்த நகரத்தில், ஒரு ஆட்டத்துக்காக ஒரு அதிபரின் உயிர் போனது. இதைச் சொல்லாமல் பிக் மச்சின் வரலாற்றை எழுதினால் அது பாதி வரலாறுதான்.

1904 முதல் 2024 வரை எண்ணினால் 121 மார்ச் மாதங்கள் வரும். ஆட்டங்களோ 117. ஆண்டுக்கு ஒன்று என்ற கணக்கு இடையில் எங்கோ உடைந்திருக்கிறது. 1996 மார்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு தொடங்கிய இடப்பெயர்வில் வலிகாமமே நாவற்குழிப் பாலம் தாண்டிப் போய்விட்டது. சனம் திரும்பத் தொடங்கியது ஏப்ரலில்தான். அந்த மார்ச்சில் ஆடுவதற்கும் பார்ப்பதற்கும் நகரத்தில் ஆட்களே இல்லை. அந்த ஆண்டு 18 வயதாயிருந்த பெடியனுக்கு அது கடைசி வாய்ப்பாக இருந்திருக்கும். அடுத்த சீசன் அவனுக்காகக் காத்திருக்காது.

ஆனாலும் பெயர்ப் பட்டியல் நின்றுவிடவில்லை. மத்திய கல்லூரி மைதானத்தில் பந்து சுழற்றிய விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்கு ஆடினார். 2023 ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்காகவும், 2024இல் ஐ.பி.எல்லில் ஐதராபாத்துக்காகவும் ஆடினார். நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அவரைக் கொண்டாடும்போது, அதே வயதில் அதே மைதானத்தில் நின்று, பிறகு எந்தப் பட்டியலிலும் வராமற்போனவர்களையும் நினைக்கவேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டில் அப்பாவோ மாமாவோ சித்தப்பாவோ பாடசாலை அணியில் ஆடியிருந்தால் அந்தப் பழைய குழுப்படத்தை எடுத்து வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு முகத்திலும் விரலை வைத்து, "இவர் இப்ப எங்க?" எண்டு கேளுங்கள். ரொறன்ரோ, இலண்டன், கொழும்பு எண்டு பதில் வரும். சில முகங்களில் பதில் வராமல் விரல் அடுத்த முகத்துக்குப் போகும். அந்தப் பெயர்களையும் எழுதி வையுங்கள். நாங்களும் எழுதத் தொடங்கியிருக்கிறம்.