இலவச மென்பொருளும் கூடிவரும் பயனர்களும்: எண்ணிமக் காப்பகங்களின் கால்நூற்றாண்டு, வளைகுடாத் தமிழர் நோக்கில்

முன்னுரை

குவைத் விமான நிலையத்துக்கு அருகே, ஜிலீப் அல் சுயூக் வட்டாரத்தில் இருக்கிறது அப்பாசியா. மலையாளிகள், தமிழர், தெலுங்கர் என இந்தியர் செறிந்து வாழும் பகுதி. இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளும் இங்கே உண்டு. பொங்கல் விழா மலர், பள்ளி ஆண்டு மலர், இலக்கியக் கூட்ட அழைப்பிதழ், மேடை நாடகத்தின் ஒளிப்பதிவு என்று இத்தகைய குடியிருப்புகள் ஆண்டுதோறும் ஆவணங்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. வேலை முடிந்து குடும்பம் ஊர் திரும்பும்போது விமானத்தில் அனுமதிக்கும் எடைக்குள் இவை இடம்பிடிப்பது அரிது. குடிமக்கள் அல்லாதவர்களின் துண்டுப் பிரசுரங்களைத் திரட்டும் கடமை பொதுவாக எந்த அரசு நூலகத்துக்கும் கிடையாது.

இத்தகைய ஆவணங்களைச் சேமித்து, விவரம் எழுதி, தேடிப் படிக்க வழிசெய்யும் திறமூல மென்பொருள்கள் 2000 முதலே கிடைத்து வருகின்றன. ஆனாலும் சில சமூகங்களுக்குக் காப்பகம் அமைந்தது; சிலவற்றுக்கு அமையவில்லை. இந்த வேறுபாட்டுக்கான காரணத்தை அம்மென்பொருள்களின் வரலாற்றில் தேடுகிறது இக்கட்டுரை. நிரல் இலவசமாகக் கிடைப்பது தொடக்கம் மட்டுமே. பயன்படுத்துவோர் கூடிப் பேசி, சோதித்து, பழுது சொல்லி, அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கும் ஏற்பாடு இருந்த இடங்களில்தான் காப்பகம் நிலைத்தது என்பது இதன் வாதம்.

தோற்றம்: 1999 – 2009

1999 அக்டோபரில் அமெரிக்காவின் சாண்டா ஃபே நகரில் ஆய்வுக் காப்பகங்களை நடத்துவோர் கூடினார்கள். தனித்தனியே இயங்கிய காப்பகங்களின் விவரக் குறிப்புகளை ஒரே இடத்தில் திரட்ட ஒரு பொது நெறி வேண்டும் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட சிக்கல். அங்கே தொடங்கிய பேச்சு 2002இல் இன்றும் வழக்கில் உள்ள அறுவடை நெறியின் இரண்டாம் பதிப்பாக முற்றியது. இடைப்பட்ட காலத்தில் 2000இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் ஈ-பிரிண்ட்ஸ் மென்பொருளை வெளியிட்டது. நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகம் உருவாக்கிய கிரீன்ஸ்டோன், யுனெஸ்கோவின் துணையோடு குறுந்தகடுகளாக வளரும் நாடுகளுக்குப் போனது. 2002 நவம்பரில் எம்.ஐ.டி. நூலகமும் எச்.பி. ஆய்வகமும் சேர்ந்து டி-ஸ்பேஸை வெளியிட்டன. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1997இல் ஆய்வாகத் தொடங்கிய ஃபெடோரா, வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் கூட்டோடு 2003இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது.

இந்தியா இதில் பின்தங்கி நிற்கவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் 2002இலேயே ஈ-பிரிண்ட்ஸ் கொண்டு தன் ஆய்வுக் கட்டுரைகளுக்குக் காப்பகம் அமைத்தது. அதே நகரின் ஆவணவியல் ஆய்வு பயிற்சி மையம் டி-ஸ்பேஸைக் கையில் எடுத்து, நூலகர்களுக்குப் பயிலரங்கு நடத்தியது. சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்து, நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வகுத்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1962இல் நிறுவிய மையம் அது. பயிலரங்கில் கற்ற நூலகர்கள் தத்தம் கல்லூரிக்குப் போய் நிறுவினார்கள். முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படியை அளிக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதித்தபோது, அவற்றை ஏற்ற ‘சோத்கங்கா’ தளமும் டி-ஸ்பேஸிலேயே எழுந்தது. இன்று தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை, தமிழில் எழுதியவை உட்பட, அங்கே படிக்கலாம்.

பயனர்கள் அமைப்பான விதம்

2006இல் சிட்னியில் ‘ஓப்பன் ரெப்பாசிட்டரீஸ்’ என்ற பன்னாட்டு மாநாடு தொடங்கியது. டி-ஸ்பேஸ், ஃபெடோரா, ஈ-பிரிண்ட்ஸ் என்று மூன்று அணிகளும் ஒரே கூரையின்கீழ் கூட அது வழிசெய்தது. நிறுவன அமைப்பும் உடன் மாறியது. 2007இல் டி-ஸ்பேஸுக்கென ஓர் அறக்கட்டளை. 2009இல் அதுவும் ஃபெடோராவின் அமைப்பும் இணைந்து டியூராஸ்பேஸ். 2019இல் அது லிராசிஸ் என்ற நூலகக் கூட்டமைப்போடு சேர்ந்தது. மென்பொருளை உருவாக்கிய நிறுவனங்களின் கையிலிருந்து உறுப்பினர் கட்டணம் செலுத்தும் நூலகங்களின் கைக்குப் பொறுப்பு படிப்படியாக மாறியதை இந்த வரிசை காட்டுகிறது.

இந்தக் கூட்டுப் பொறுப்பின் பயனையும் சுமையையும் ஒரே நிகழ்வில் காணலாம். 2008இல் வந்த 1.5 பதிப்பிலிருந்து டி-ஸ்பேஸுக்கு இரண்டு முகப்புகள் இருந்தன. பழையதை விரும்பிய நூலகங்கள் ஒரு பக்கம், புதியதை விரும்பியவை மறுபக்கம். ஒவ்வொரு திருத்தத்தையும் இரண்டு முறை எழுத வேண்டியிருந்தது. இரண்டையும் கைவிட்டு ஒன்றே போதும் என்று முடிவெடுத்து, முகப்பை அடியோடு மாற்றி எழுதினார்கள். 6ஆம் பதிப்பு வந்தது 2016இல்; 7ஆம் பதிப்பு வர 2021 ஆகஸ்ட் ஆனது. நிரல் எழுதியவர்களில் பலர் நூலகங்களிலும் சேவை நிறுவனங்களிலும் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள். அவர்களுக்குக் கிடைத்த நேரமே திட்டத்தின் நேரம். வெளியீட்டுக்கு முன் நடக்கும் கூட்டுச் சோதனைகளில் நிரல் அறியாத நூலகரும் பங்கெடுக்கலாம். ஒரு கோப்பை ஏற்றிப் பார்ப்பது, தன் மொழியில் தேடிப் பார்ப்பது, தவறினால் எழுதித் தெரிவிப்பது, இவ்வளவுதான் வேலை. தன் மொழியின் தேவை மென்பொருளுக்குள் நுழையும் வாசல் இதுவே.

வளைகுடாவின் வழி

வளைகுடாப் பல்கலைக்கழகங்கள் இம்மென்பொருள்களை விரைந்தே ஏற்றன. சார்ஜா அமெரிக்கப் பல்கலைக்கழகம், துபாய் பிரிட்டிஷ் பல்கலைக்கழகம், கத்தார் பல்கலைக்கழகம் ஆகியவை டி-ஸ்பேஸில் காப்பகம் அமைத்தன. 2009இல் திறந்த சவூதியின் மன்னர் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், தன் ஆய்வாளர்களின் கட்டுரைகள் காப்பகத்தில் திறந்து வைக்கப்பட வேண்டும் என்ற கொள்கையை 2014இல் ஏற்றது. ஐக்கிய அரபு அமீரகப் பல்கலைக்கழகமும் சயீத் பல்கலைக்கழகமும் வேறு வழியில் போயின. பி-பிரெஸ் நிறுவனத்தின் கட்டணச் சேவையை அவை எடுத்துக்கொண்டன. அந்நிறுவனத்தை 2017இல் எல்செவியர் பதிப்பகம் வாங்கியது. பதிப்பகங்களின் பிடிக்கு மாற்றாகத் தோன்றிய காப்பகங்களின் ஒரு பகுதி பதிப்பகத்தின் தளத்திலேயே இயங்கும் நிலை இப்படி வந்தது.

பழைய ஆவணங்களுக்குக் கத்தார் எண்ணிம நூலகம் பெரிய முயற்சி. கத்தார் அறக்கட்டளையும் பிரிட்டிஷ் நூலகமும் சேர்ந்து 2014இல் திறந்தது அது. வளைகுடாவின் பிரிட்டிஷ் முகவர்கள் பிரிட்டிஷ் இந்திய அரசின் கீழ் இயங்கியதால், 1904இல் குவைத்தில் அமைந்த முகவரகத்தின் கோப்புகளும் லண்டனின் இந்தியா அலுவலக ஆவணங்களோடு சேர்ந்திருந்தன. இன்று அவற்றை அப்பாசியாவில் இருந்தபடியே படிக்கலாம். நூறாண்டுக்கு முந்தைய முகவரின் கடிதம் கைக்கு எட்டுகிறது. கடந்த தலைமுறையின் தமிழ் விழா மலரோ எட்டுவதில்லை. வளைகுடாக் காப்பகங்கள் பல்கலைக்கழகத்துக்கும் அரசுக்கும் உரியவை. குடியேறிய தொழிலாளியும் எழுத்தரும் செவிலியரும் எழுதியவை அவற்றின் எல்லைக்குள் வருவதில்லை.

தமிழ் வழி

தமிழின் எண்ணிம முயற்சி இதற்கு நேர்மாறாக, நிறுவனம் இல்லாமல் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசானில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த இலக்கியங்களைத் திரட்டியது. இலங்கையில் 2005இல் ‘நூலகம்’ திட்டம் பிறந்தது. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் அழிந்த நினைவு அதன் பின்னே இருந்தது. நூலகம் தன் முதன்மைத் தளத்துக்கு விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியைத் தேர்ந்தது. தன்னார்வலர் யாரும் உடனே கற்றுக்கொள்ளக்கூடியது அது. ஒலி, ஒளிப்படம், சுவடி எனப் பல்லூடகம் பெருகியபோது அது போதவில்லை. ‘ஆவணகம்’ என்ற தனித் தளம் ஐலண்டோராவில் எழுந்தது.

கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பல்கலைக்கழகம் 2006இல் தொடங்கிய மென்பொருள் ஐலண்டோரா. ஃபெடோராவைச் சேமிப்பாகவும், ட்ரூபல் என்ற இணையத்தள மென்பொருளை முகப்பாகவும் கொண்டது. அதற்கென 2013இல் அறக்கட்டளையும் 2015இல் தனி மாநாடும் அமைந்தன. பழைய ஐலண்டோரா இயங்கிய ட்ரூபல் 7க்கான ஆதரவு 2025 சனவரியில் முடிந்தது. அதை நம்பியிருந்த எவரும் புதிய அமைப்புக்கு ஆவணங்களைப் பெயர்க்க வேண்டிய கட்டாயம் அதனால் வந்தது. இப்படிப்பட்ட செய்தி ஈராண்டு முன்னதாகக் காதில் விழுந்தால் திட்டமிடலாம். விழாவிட்டால் பாதுகாப்புத் திருத்தம் இல்லாத சர்வரில் ஆவணங்கள் கிடக்கும்.

தமிழ் ஆவணம் நுழையும்போது

ஒரு தமிழ்ச் சங்கத்தின் மலரை டி-ஸ்பேஸில் ஏற்றுவதாகக் கொள்வோம். முதல் தடை ஆசிரியர் பெயர். படிவம் குடும்பப் பெயரையும் மற்றதையும் பிரித்துக் கேட்கிறது. தமிழர் பெயரில் பொதுவாகக் குடும்பப் பெயர் இல்லை. தலைப்பெழுத்து பெரும்பாலும் தந்தையின் பெயரைக் குறிப்பது. ஒருவர் தலைப்பெழுத்தை முன்னும் மற்றவர் பின்னும் இட்டால், ஒரே கவிஞர் பட்டியலில் இருவராகிறார்.

இரண்டாவது தடை எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அச்சுக்கோத்த மலரின் பி.டி.எஃப். கோப்பு கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். மென்பொருள் அதிலிருந்து உரையைப் பிரித்தெடுத்தால் ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியும் கலந்த குழம்பே கிடைக்கும். தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது 2010இல்தான். அதற்கு முந்தைய கோப்புகளில் பல இந்த நிலையில் இருப்பவை.

மூன்றாவது, தேடல். ‘குவைத்’ என்று தேடினால் ‘குவைத்திலிருந்து’ அகப்படாது. வேற்றுமை உருபுகளைக் களைந்து தேடும் வசதி, இக்காப்பகங்களின் தேடலுக்கு அடித்தளமான லூசின் நிரலகத்தில் 2021 இறுதியில் வந்த 9.0 பதிப்பில்தான் சேர்ந்தது. காப்பகம் அமைப்பவர் அதைத் தாமே பொருத்திக்கொள்ள வேண்டும். பெயர், எழுத்துரு, தேடல் மூன்றுக்கும் தீர்வு உண்டு. ஆனால் ஒருவர் கண்ட தீர்வு மற்றவருக்குப் போய்ச் சேரத் தமிழ்க் காப்பகத்தாரிடையே தொடர்ந்து கூடிப் பேசும் வழக்கம் வேண்டும்.

இழப்பும் தேவையும்

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பெரும்பாலும் அம்மான் வழியாக 488 விமானப் பயணங்களில் ஊர் சேர்ந்தார்கள். குவைத் அரசின் ஆவணங்கள் கொண்டுபோகப்பட்டன; அவற்றை மீட்பது பற்றி ஐ.நா. பாதுகாப்பு அவை 1999ஆம் ஆண்டின் 1284ஆம் தீர்மானத்தில் பேசியது. அரசின் இழப்புக்குத் தீர்மானம் உண்டு. வீட்டைப் பூட்டாமல் கிளம்பியவர்கள் விட்டுவந்த கடிதங்களுக்கும் ஒலிநாடாக்களுக்கும் பட்டியல்கூடக் கிடையாது. அந்தத் தலைமுறை இன்று முதுமையில் இருப்பதால், வாய்மொழிப் பதிவுக்கான காலமும் குறுகியது.

முடிவு

பெங்களூரில் பயிலரங்கு, யாழ்ப்பாண நினைவில் தன்னார்வலர் அணி, பன்னாட்டு அளவில் ஆண்டு மாநாடு ஆகியவற்றை ஒப்பிட்டால் ஒரு போக்கு தெரிகிறது. நிரல் எல்லோருக்கும் ஒன்றாகக் கிடைத்தது. கற்றுக்கொடுக்கும் ஆட்கள் இருந்த இடத்தில்தான் வேர்பிடித்தது. வளைகுடாவில் பல்கலைக்கழகங்கள் சம்பளத்துக்கு ஆள் வைத்து அந்தத் தேவையை நிறைவுசெய்தன. குடியேறிய தமிழருக்கு அந்த வசதி இல்லை. பணியிடமாற்றம் வரும்போதெல்லாம் சங்கத்தின் செயற்குழுவே மாறுகிறது. ஆகவே அப்பாசியா போன்ற குடியிருப்பு தனக்கெனத் தனி சர்வர் வாங்கித் தொடங்குவது நீடிக்காது. ஏற்கெனவே நிலைத்திருக்கும் ஒரு தமிழ்க் காப்பகத்தோடு சேர்ந்து, மலர்களை ஒருங்குறியில் தருவது, ஆசிரியர் பெயருக்கு ஒரே முறையைக் கடைப்பிடிப்பது, அடுத்த பதிப்பின் கூட்டுச் சோதனையில் தமிழ்த் தேடலைச் சோதித்துச் சொல்வது ஆகிய மூன்றும் போதுமான தொடக்கம். செயற்குழு கலைந்தாலும் இவை மூன்றும் கலையாது.