சேவைவழிக் கற்றல்

'சேவ்' என்னும் வடமொழி வேரிலிருந்து வந்தது சேவை. அருகில் இருத்தல், பணிவிடை செய்தல் என்பன அதன் பொருள்கள்.  சேவையைக் கற்றலோடு இணைத்த 'சர்வீஸ்-லேர்னிங்' என்னும் ஆங்கிலத் தொடரை 1967-இல் அமெரிக்காவில் ராபர்ட் சிக்மன், வில்லியம் ராம்சே இருவரும் வழக்குக்குக் கொண்டுவந்தனர். இரு சொற்களுக்கும் நடுவே சிறு கோடிட்டு எழுதுவார்கள். இரண்டுக்கும் சம எடை என்பது அதன் குறிப்பு.

நம் கல்லூரிகளில் 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் பெரும்பாலும் பாடத்துக்கு வெளியே நடப்பது. சேவைவழிக் கற்றலோ பாடத்துக்குள்ளேயே நடக்க வேண்டியது. தருமபுரி மாவட்டத்தில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதி. வேதியியல் மாணவர்கள் அந்த நீரைச் சோதித்து, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது என்று ஊராருக்கு விளங்கும்படி சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஃபுளூரைடு கூடக் கூடச் சோதனைச் சாயத்தின் சிவப்பு வெளுப்பதைக் கண்ணால் கண்டவருக்கு அந்தப் பாடம் மறக்காது. அதன்பின் கண்டதையும் கேட்டதையும் பாடத்தோடு பொருத்தி எழுத வேண்டும். அந்த எழுத்து இல்லையென்றால் அது வெறும் முகாம். மதிப்பெண்ணும் கற்றதற்குத்தான், உழைத்த மணிக்கணக்குக்கு அல்ல.

பாடத்திட்டம் முடியாமல் போகுமோ என்று ஆசிரியர்கள் தயங்குவது நியாயமே. ஒரே ஓர் அலகில் தொடங்குங்கள். ஊருக்கு என்ன தேவை என்று முதலில் ஊராரிடம் கேளுங்கள்.